மூன்றாம் பிரதிவாதிக்கு நான் கார்டியன்

என் குடையின் ஒரு கம்பியில் வாழைநார்க் கட்டு ஒன்று இருந்தது. கம்பி ஒடிந்த இடத்தில் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு நாரை நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இறுக்கியிருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. கட்டின அன்று ஈரத்தோடு வெள்ளையாக இருந்த நார், வருஷம் ஆக ஆகப் பழுப்பாகி, பிறகு கறுத்து, கடைசியில் இரும்போடு இரும்பாகவே ஆகிவிட்டது. குடைத்துணியை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். கைப்பிடியை ஒரு தடவை மாற்றினேன். அந்தக் கட்டு மட்டும் எந்த மழைக்கும் தளரவில்லை. அதைக் கட்டியவரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கோர்ட்டுக் காகிதங்களில் அவர் மூன்றாம் பிரதிவாதி. நானும் மனத்துக்குள் அவரை அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஒரு காலத்தில், அவருக்காகப் பேசும் பொறுப்பு சட்டப்படி என்னிடம் இருந்தது.

நான் ஆண்டிபட்டிக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கையெழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை வைத்துத்தான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை கிடைத்தது. இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பிராது, வாக்குமூலம், தீர்ப்பு என்று பிறர் சொன்னதைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கலாம்; யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்துப் போனதற்குக் காரணமே அதுதான். நாலு பேருக்கு நடுவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான்.

வழக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றியது. கூடலூர் போகும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடந்தால் வரும் ஊர். அங்கே ஒரு விவசாயி இறந்துபோனார். அவருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். அவர் சாவதற்கு மூன்று மாதம் முன்பு தம்முடைய கொடிக்காலை விற்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கரார் எழுதிக் கொடுத்தார், ஆகையால் மகன்கள் கிரயம் செய்து தர வேண்டும் என்று பக்கத்து நிலக்காரர் பிராது கொடுத்திருந்தார். முதல் பிரதிவாதியும் இரண்டாம் பிரதிவாதியும், அதாவது மூத்த மகன்கள் இருவரும், கரார் உண்மைதான், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு வாதியோடு தனியாக ஓர் ஏற்பாடு இருந்தது என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் பிரதிவாதிதான் அந்தக் கொடிக்காலிலேயே கிடந்து பாடுபட்டவர். வாலிபத்தில் ஏலமலைக்குக் கூலி வேலைக்குப் போனவர், விஷக் காய்ச்சலோடு இறங்கி வந்தார். உடம்பு தேறியது, புத்தி தேறவில்லை. அப்படிப்பட்டவர் மேல் டிக்ரித் தீர்ப்பு வாங்க வேண்டுமானால், அவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று கோர்ட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவர் சார்பில் பேச ஒரு கார்டியனை நியமிக்க வேண்டும். அது சட்டம்.

விசாரணை நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டவாலிச் சேவகன் வாசலில் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், ‘ஏ... வந்துட்டேன்’ என்று ஒரு குரல் மரத்தடியிலிருந்து கேட்டது. ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல திடகாத்திரம். இடுப்பில் ஈரத்துணியில் சுற்றிய வாழைநார்க் கற்றை. யாரோ தம்மை விருந்துக்குக் கூப்பிட்டது போல முகம் மலர்ந்திருந்தது. பெயர் என்ன என்று முன்சீப் கேட்டார், அவர் சரியாகச் சொன்னார். வயது என்ன என்று கேட்டார்.

“கொடிக்கு மூணு வயசுங்கய்யா. அகத்திக்கு நாலு.”

கோர்ட்டில் சிரித்தார்கள். முன்சீப் சிரிக்கவில்லை. “உங்க அப்பா எங்கப்பா?” என்றார்.

“அப்பாவுக்குக் கை வரலைய்யா. சோத்துக் கை. நாந்தேன் பெசஞ்சு ஊட்டுனேன்.”

“அவர் செத்துப்போனது உனக்குத் தெரியுமா?”

“கை வரலைய்யா,” என்று தம்முடைய வலது கையைத் தூக்கித் தொங்கவிட்டுக் காட்டினார். “இங்கன பாருங்க, இப்பிடித்தேன் கெடந்துச்சு.”

“கேட்டது கெழக்கே போகுது, பதிலு மேற்கே வருது,” என்று வாதியின் வக்கீல் பக்கத்திலிருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மறுபடியும் சிரிப்பு. கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், புத்தி சுவாதீனம் இல்லை என்று பதிவாயிற்று. அதற்கு நகல் எழுதியவன் நான். ‘அப்பாவுக்குக் கை வரலை’ என்ற வாக்கியத்தை என் அழகான கையெழுத்தில் இரண்டு பிரதி எடுத்தேன். எழுதும்போது அது எனக்கும் பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது.

உறவினர் யாரும் கார்டியனாக இருக்க முன்வரவில்லை. அண்ணன்மார் மறுத்துவிட்டார்கள். அப்படி வரும்போது கோர்ட்டுச் சிப்பந்திகளில் ஒருவரைப் போட்டுவிடுவது வழக்கம். அந்தத் தடவை என் முறை. டவாலி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். “நம்ம குமாஸ்தாவுக்குக் கல்யாணம் ஆகுமுன்னயே புள்ளை பொறந்துருச்சப்பா! அதுவும் பொறக்கையிலயே நாப்பது வயசு!” நான் காது சிவக்க உட்கார்ந்திருந்தேன்.

கார்டியன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் ஆபீசில் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு முன்பிருந்தவர்கள் எல்லோரும் கொடுத்தது அதைத்தான். ‘இந்தக் கார்டியனுக்கு வழக்கின் சங்கதிகள் எதுவும் தெரியாது. வாதி தம் வழக்கைச் சாட்சியங்களால் ருசுப்படுத்திக்கொள்ள வேண்டியது.’ இரண்டே வரி. பிறருக்காக எத்தனையோ தடவை அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஹெட் குமாஸ்தா, “ஒம் பேர்ல ஒண்ணு எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிரு தம்பி,” என்றார். அன்றைக்கே எழுதித் தாக்கல் செய்துவிட்டேன். அந்த மனிதரை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒரு வழக்கமே கிடையாது. கார்டியன் பீஸ் என்று வாதி கட்டியிருந்த சிறு தொகை எனக்கு வந்தது. அது சாரல் காலம். அதைக் கொண்டு இந்தக் குடையை வாங்கினேன்.

புதுக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வறண்ட காட்டில் பிறந்தவனுக்குக் கொடிக்காலைப் பார்க்கும் ஆசை ஒன்று உண்டு. அந்த மனிதர் பேரில் வந்த காசில் குடை வாங்கிவிட்டோமே என்ற உறுத்தலும் கொஞ்சம் இருந்திருக்கலாம். வாய்க்கால் கரையில் மேல்காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியதில் குடை அப்படியே திருப்பிக்கொண்டு ஒரு கம்பி ஒடிந்தது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கொடிக்கால் வாசலில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை. “செருப்பை அங்கன கழட்டிட்டு வாங்கய்யா. கொடிக்காலுக்குள்ள செருப்போட வந்தா அவன் பொறுக்க மாட்டான்.” அவர் மூன்றாம் பிரதிவாதியின் அக்காள். புருஷன் இறந்தபின் பிறந்த ஊருக்கே வந்து, தம்பிக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் பகல் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. அகத்தி வரிசைகளில் கொடி தலைக்கு மேல் ஏறி நின்றது. காலுக்கடியில் குளிர்ந்த சேறு. மூன்றாம் பிரதிவாதி ஏணியில் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தார். நாரை நாக்கில் நனைத்து, கொடியும் நோகாமல் கட்டும் நழுவாமல் ஒரு சுற்று. கோர்ட்டில் பார்த்த ஆள் என்று நம்ப முடியவில்லை. கீழே இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார். கேட்காமலே கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

“வக்கீலய்யாவா?” என்று அக்காள் கேட்டார்.

“இல்லை, கார்டியன்,” என்றேன். “அவர் சார்பாகப் பேசுவதற்குக் கோர்ட்டில் போட்டிருக்கிறார்கள்.”

அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு நான் கேட்காமலே எல்லாம் சொன்னார். “எங்கப்பாரு கையெழுத்துப் போட்டாகன்னு அந்த ஆளு சொல்றாரே, எந்தக் கையால போட்டாக? அதைக் கேளுங்கய்யா நீங்க. போடுறதுக்குக் கை எங்கன இருந்துச்சு? சாகுறதுக்கு ஒண்ணேமுக்கால் வருசம் முன்னாடியே வலது பக்கம் முழுக்க விழுந்துபோச்சு. வாய்க்குச் சோறு கொண்டுபோக முடியாது. அண்ணமாரு எட்டிப் பாக்கலை. பீ மூத்திரம் அள்ளுனது இவன். சோறு ஊட்டுனது இவன். சுகமில்லாதவன்தேன், இல்லைங்கலை. ஆனா பொய் சொல்லத் தெரியாதய்யா அவனுக்கு.”

 அந்தக் கரார் என் மேசைக்கு வந்திருந்தது. நகல் எடுத்தவன் நான்தான். கடைசியில் இருந்த கையெழுத்து கண் முன்னால் நின்றது. நடுக்கமே இல்லாத கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை வலது பக்கம் நீளமாக இழுத்து விட்டிருந்தது. நல்ல வலது கை போட்ட கையெழுத்து. ஒரு கோர்ட்டு முழுக்கச் சிரித்த பதிலில்தான் வழக்கு முழுவதும் இருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கக் கூடியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

“இதை நீங்கள் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும்,” என்றேன்.

“கூப்புட்டா வாரேன். என்னைக் கூப்புடுவாகளா?”

“கூப்பிடுவார்கள்.”

புறப்படும்போது குடையை விரித்துக் கையில் கொடுத்தார் மூன்றாம் பிரதிவாதி. ஒடிந்த கம்பி நேராக நின்றது. அக்காள் சிரித்தார், நான் பார்த்த ஒரே தடவை. “பாத்தியளா, ஒங்களையும் கொடியோட சேத்துக் கட்டிப்புட்டான்.”

மறுநாள் ஹெட் குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்ட. இப்பத் தெரியும்கிற. எப்பத் தெரிஞ்சதுன்னு ஐயா கேப்பாக. வாதி வக்கீல் ஒன்னையக் கூண்டுல ஏத்திக் கேப்பாரு, எத்தனை ரூவா வாங்குனேன்னு. நீ குமாஸ்தாவா, இல்லை கவுனு போட்ட வக்கீலா? புதுசா வந்த ஆளு. யோசிச்சுக்க.” யோசித்தேன். அக்காளைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். என் வாழ்நாளில் அத்தனை நன்றாக எதையும் எழுதியதில்லை. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தேன். மேசை வரை கொண்டுபோவேன், யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள், திரும்பி வந்துவிடுவேன்.

வழக்கு நாளில் அவர்கள் இருவரும் விடியற்காலையிலேயே நடந்து வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காள் வெளுத்த சேலை கட்டி, தம்பிக்கும் துவைத்த வேட்டி கட்டிவிட்டிருந்தார். நான் தாழ்வாரத்தில் போகும்போது எழுந்து நின்று கும்பிட்டார். மனு என் பையில் இருந்தது. உள்ளே முதல் பிரதிவாதி கூண்டில் ஏறி, கையெழுத்து எங்கப்பா கையெழுத்துதான், என் கண் முன்னால் போட்டார் என்று சத்தியம் செய்து சொன்னார். வாதியின் வக்கீல் உட்கார்ந்தார். முன்சீப் நிமிர்ந்து, “கார்டியன், சாட்சியிடம் கேள்வி உண்டா?” என்றார்.

எழுந்து நின்றேன். ஒரே ஒரு கேள்விதான். உங்கள் அப்பாவுக்குக் கை எப்போது விழுந்தது? குழந்தைகூடக் கேட்டுவிடும். வாதியின் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். ஹெட் குமாஸ்தா பார்க்கவில்லை, காகிதத்தில் கண்ணாக இருந்தார். கூண்டில் நின்றவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது, அதையும் கண்டேன். கூரையில் கயிறு இழுத்து ஆட்டும் விசிறித் துணி போய் வந்துகொண்டிருந்தது. என் நாக்கு எழவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நான் ‘இல்லை’ என்றுகூடச் சொல்லவில்லை. முன்சீப் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிக்கொண்டு, “உட்காரலாம்,” என்றார். உட்கார்ந்தேன்.

மூன்றாம் பிரதிவாதி உட்பட எல்லோர் மேலும் வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. சாயங்காலம் கோர்ட்டு கலைந்தபின்பும் அவர்கள் மரத்தடியிலேயே இருந்தார்கள். நான் பின்பக்கமாகப் போய்விடலாம் என்று பார்த்தேன். அக்காள் வந்து வழியில் நின்றுவிட்டார்.

“எங்களை எப்பய்யா கூப்புடுவாக?”

“முடிந்துவிட்டது,” என்றேன்.

“கூப்புடலையே.” அவர் சத்தம் போடவில்லை. “கூப்புடுவாகன்னுதானய்யா தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்காம காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். நீங்கதான சொன்னிய?”

மூன்றாம் பிரதிவாதி என் குடையைத் தொட்டு, கட்டு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை நிமிண்டிப் பார்த்துவிட்டு, அக்காளுக்குப் பின்னால் நடந்துபோனார்.

நிலத்தைச் சுவாதீனம் எடுத்துக் கொடுக்க அமீனா போன அன்று நான் போகவில்லை. நடந்ததை டவாலி வந்து சொன்னான். அன்றைக்கு அவனும் கேலி செய்யவில்லை. தமுக்கு அடித்து, அமீனாவும் வாதியின் ஆட்களும் கொடிக்காலுக்குள் நுழைந்திருக்கிறார்கள். மூன்றாம் பிரதிவாதி மறிக்கவில்லை, கத்தவில்லை. குனிந்து குனிந்து ஒவ்வொருவர் காலிலிருந்தும் செருப்பைக் கழற்றப் பார்த்திருக்கிறார். காலில் விழுகிறான் என்று அமீனா நினைத்து விலகியிருக்கிறார். கடிக்க வருகிறான் என்று நினைத்த ஓர் ஆள் ஓங்கி உதைத்துவிட்டான். விழுந்தவர் எழுந்து வந்து மறுபடியும் அதே ஆளின் செருப்பைப் பிடித்திருக்கிறார். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து வாய்க்கால் கரையில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அவரை வீட்டில் வைக்க முடியவில்லை. தினமும் கொடிக்காலுக்குப் போவார், அடித்துத் துரத்துவார்கள். கட்டுவதற்குக் கொடி இல்லாமல் போனதும், சாலையில் மைல் கல், பாலத்துக் கம்பி, கோர்ட்டுத் தாழ்வாரத்துத் தூண் என்று பார்த்த இடமெல்லாம் நாரைச் சுற்றிக் கட்டினார். ராயப்பன்பட்டிப் பக்கத்தில்கூடப் பார்த்தோம் என்று சொன்னார்கள். புது நிலக்காரரான வாதி புகார் கொடுத்தார். போலீசார் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். மதராஸில் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவாயிற்று. ரயிலில் ஏற்றும்போது இடுப்பிலிருந்த நாரை வாங்கிக்கொண்டார்களாம். கழுத்தில் மாட்டிக்கொள்வான் என்று பயம்.

ஏழெட்டு மாதம் கழித்து அக்காள் கோர்ட்டுக்கு வந்தார். என்னிடம் இனி வரவே மாட்டார் என்று நினைத்திருந்தேன், வந்தார். “தம்பி எப்பிடி இருக்கான்னு ஒரு காயிதம் எழுதிக் கேளுங்கய்யா. எழுத்து நல்லா இருக்கும்னு சொன்னாக.” எழுதினேன். என் விலாசத்துக்குப் பதில் வந்தது. இங்கிலீஷில் நாலு வரி. அவருக்கு ஒரு நம்பர் போட்டிருந்தது. அந்த நம்பருள்ளவர் காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம் ஆகிறது என்று இருந்தது. அந்த அம்மாள் மறுபடி வந்தபோது படித்துச் சொன்னேன். அக்காள் அழவில்லை. “கொடி கட்டுற காலத்துலயா?” என்று கேட்டார். மாதத்தைச் சொன்னேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்து, அந்தக் காகிதத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள், சுதந்திரம் வந்தது. வேலையில் என்மேல் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அந்தக் கொடிக்கால் இருந்த இடத்தில் இன்றைக்குத் தென்னை நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்தத் திருப்பம் வந்தால் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன். பிறகும் இரண்டு தடவை என்னைக் கார்டியனாகப் போட்டார்கள். இரண்டு தடவையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஆனால் அந்த இரண்டிலும் சொல்வதற்கு உண்மையிலேயே எதுவும் இருக்கவில்லை. இதைச் சொல்லி ஆறுதல் தேட முடியாது. மனு இன்னும் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது.

போன வாரம் மழைக்கு முன்பு குடைத்துணியை மாற்றக் கொண்டுபோனேன். பஸ் நிலையத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர் சின்ன வயது ஆள். குடையை விரித்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றார்.

“யாரு சார் இங்கன கட்டுனது? நாரா இது? இதை எடுத்துட்டுப் புதுக் கம்பி போட்டுரவா?”

சுற்றிலும் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள். இரண்டு மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை, நாலைந்து தடவை வைத்து அழுத்தி அறுக்க வேண்டியிருந்தது. சாக்கில் விழுந்ததை நான் குனிந்து பொறுக்கினேன். கம்பியின் வளைவு அப்படியே அதில் இருந்தது.

“வேணும்னா சொல்லியிருக்கலாமே சார்,” என்றார் அவர். “நீங்க ஒண்ணும் சொல்லலை. அதான் அறுத்துட்டேன்.”